முப்பத்தொண்டு பாகை

மன்னாரிலிருந்து றொசிற்றா கேட்கிறாள்:
"அங்க எத்தனை?"
"முப்பத்தொண்டு."
"அதெல்லாம் ஒரு வெயிலே? இங்க முப்பத்தாறு."
வென்றவள்போலச் சிரிக்கிறாள்.

பம்பலப்பிட்டியில், நாலாம் மாடி வெளிச்சுவரில்
ஏசி ஒன்றைக் கழற்றிக்கொண்டு நிற்கிறேன்.
கடல் கண்ணுக்குத் தெரிகிற தூரம்.
காற்று இல்லை. இருக்கிற கொஞ்சமும்
யாரோ பிழியாமல் போட்ட துவாய்.

அவளுக்கு எப்படிச் சொல்ல?
அங்கே வேர்வை வந்ததும் போய்விடும்,
பின்னேரம் சேட்டின் முதுகில்
உப்பு ஒரு தேசப்படம் கீறியிருக்கும்.
இங்கே வந்த வேர்வை போக இடமில்லாமல்
என்னோடேயே வாடகைக்கு இருக்கிறது.
திங்கள் தோய்த்த களிசான்
வியாழனும் கொடியில்.
உப்புப் போத்தலைக் கவிழ்த்துத் தட்டினாலும்
ஒரு கல் விழாது.

பொகவந்தலாவையிலிருந்து வந்த
உதவிப் பெடியன் லோகநேசன்
இதை வெயில் என்றே ஒத்துக்கொள்வதில்லை.
"ஊருக்கே காய்ச்சல்ண்ணே" என்பான்,
ஸ்க்ரூ டிரைவரைப் பல்லில் கடித்தபடி.

குழாயைப் பொருத்தி மெஷினைப் போட்டேன்.
கொஞ்ச நேரத்தில் சொட்டத் தொடங்கியது.
சோற்றுப் பார்சலைப் பிரிக்கும்போது
வாளி கழுத்துவரை.
கிணறில்லை, மோட்டர் இல்லை,
மழை பெய்து மூன்று கிழமை.
வெறும் காற்றிலிருந்து ஒரு வாளித் தண்ணீர்.

படம் எடுத்து அனுப்பினேன்.
"இவ்வளவையுமே மூச்சில இழுக்கிறியள்?"
பிறகு கனநேரம் ஒன்றுமில்லை.
பிறகு:
"அந்தத் தண்ணிய ஊத்திப்போடாதேங்கோ."

நிமிர்ந்து பார்த்தேன்.
லோகநேசன் வாளியைத்
தலையில் கவிழ்த்துக்கொண்டிருந்தான்.