காலி வரிசை

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்கிறேன்.
நான் கேட்பதில்லை, நான் எழுதிவைத்தது கேட்கிறது:
இருக்கீங்களா?
பல்லடம் மில்லின் நாற்பத்தாறு சுவிட்சுகளும்
ஒவ்வொன்றாய்ச் சொல்லும்
இருக்கேனுங்க.
சூடு எத்தனை, உள்ளே வந்தது எத்தனை பைட்,
வெளியே போனது எத்தனை, விசிறி சுற்றுகிறதா.
வாங்கி டேபிளில் ஒரு வரிசையாய்ப் போடும்.
நேரம், சுவிட்சின் எண், அது சொன்ன பதில்.
பக்கத்தில் யார் நின்றார்கள் என்பதற்கு
அதில் இடமில்லை.

நாளொன்றுக்குப் பதின்மூவாயிரத்துச் சொச்சம் வரிசை.
டிஸ்க் தாங்காது என்று ஒரு விதி வைத்தேன்:
முப்பது நாள் ஆனதும்
பன்னிரண்டைக் கூட்டி, வகுத்து,
மணிக்கு ஒன்றாக்கு.
இரவு ஒன்றேகாலுக்கு அது ஓடும்.
பஞ்சைப் பேல் கட்டுவது மாதிரிதான்.
பேலையாவது பிரிக்கலாம்.

முப்பத்தொன்று புளோ ரூம் தூணில் இருந்தது,
ஒரு தகரப் பெட்டிக்குள்.
கணவாய்க் காற்று வரும் முன்பே
அதன் விசிறி பஞ்சைத் தின்ன ஆரம்பித்துவிட்டது.
58. 59. 61.
அறுபதைத் தாண்டினால் என் போன் அலறும்.
அலறியது, ராத்திரி மூன்று மணிக்கு,
மறுபடி மூன்றேகாலுக்கு.
பையனுக்குக் காய்ச்சல் அடித்த வாரம்.
நெற்றியில் போட்ட ஈரத்துணி கையில் இருக்க,
இன்னொரு கையால்
அறுபதை எழுபத்தைந்து ஆக்கினேன்.
போன் அடங்கியது.

ஆடி பதினொன்று, செவ்வாய்.

14:00   63
14:05   66
14:10   71
14:15   74
14:20   88
14:25
14:30

காலி என்பது பூஜ்யம் அல்ல.
பூஜ்யம் என்றால் கேட்டேன், ஒன்றுமில்லை என்றது.
காலி என்றால் கேட்டேன்,
அவ்வளவுதான்.
அந்தக் காலிக்குள்
துளசிமணியக்காவின் வலது கை இருக்கிறது,
முழங்கை வரை.
புகையைப் பார்த்துப் பெட்டியைத் திறந்தது அவர்தான்.
88க்கு மெசேஜ் வந்தபோது
நான் டிபன் பாக்ஸ் கழுவிக்கொண்டிருந்தேன்.

மாதச் சராசரி போதுமுங்க, என்றார் மேனேஜர்.
எடுத்துக் கொடுத்தேன். 54.
யோக்கியமான எண்.
ஐம்பத்துநாலை நிறுத்தி வைத்து
யாரும் எதுவும் கேட்க முடியாது.
‘எதிர்பாராத தீ’ என்று முடித்தார்கள்.

இன்றோடு முப்பது நாள்.
மணி பன்னிரண்டு ஐம்பது.
சுவருக்கு அந்தப் பக்கம்
மூன்றாம் ஷிப்ட்டின் கதிர்கள் சுற்றுகிற இரைச்சல்.
இன்னும் இருபத்தைந்து நிமிடத்தில்
அந்த மதியம் ஒரே எண்ணாகும்.
காகிதத்தில் போட்டுப் பார்த்தேன்.
காலிகள் வகுத்தலில் சேராது.
அறுபத்துமூன்று, அறுபத்தாறு, எழுபத்தொன்று,
எழுபத்துநாலு, எண்பத்தெட்டு.
ஐந்தால் வகுத்தால் எழுபத்திரண்டு.

எழுபத்திரண்டு.
என் எழுபத்தைந்துக்கு உள்ளே.

விதியில் ஒரு வரி சேர்த்தேன்:
முப்பத்தொன்று, ஆடி பதினொன்று, தொடாதே.
இன்னொரு டேபிள் உண்டு,
யார் எதை எப்போது மாற்றினார் என்று வைக்கிறது.
அதையும் நான்தான் கட்டினேன்,
மற்றவர்களைப் பிடிக்க.
சித்திரை இருபத்திரண்டு, 03:19,
60 இருந்தது 75 ஆனது,
பக்கத்தில் என் பெயர், இனிஷியலோடு.
ஒரு என்டர் தட்டினால் போகும்.
விரல் அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது,
இல்லை என்று சொல்லமாட்டேன்.

இரண்டையும் ஒரே தாளில் பிரிண்ட் எடுத்தேன்.
பிரிண்டர் சூடு இன்னும் தாளில் இருந்தது.
காலை ஷிப்ட் முடிந்ததும்
சுல்தான்பேட்டை பஸ்.
அக்கா கதவைத் திறப்பார், இடது கையால்.
என்ன சொல்லிக் கொடுப்பது என்று
இன்னும் தெரியவில்லை.

ஒன்றேகாலுக்கு விதி ஓடியது,
அந்த நாளைச் சுற்றிக்கொண்டு போனது.
ஒன்று இருபதுக்குக் கேள்வி போனது.
தூணில் இப்போது புது சுவிட்ச்,
அதே முப்பத்தொன்று.
இருக்கேனுங்க என்றது.
நாற்பத்தொன்று.