கேள்வியும் நிரம்பலும்

ஆமர் வீதியில் ஷட்டர் பாதி ஏறும்போதே
முதலாளி போனைப் பார்த்துவிடுவார்,
நேற்றிரவு லண்டனில் செம்பு
எங்கே போய் நின்றதென்று.
நான் பலகையைத் துடைத்துப் புதிய விலை எழுதுவேன்.
ஈரத்துணி பட்ட இடத்தில்
நேற்றைய ஏழு இன்னும் மங்கலாகத் தெரியும்.

பித்தளை என்று வருவது
குளியலறைக் குழாய், பூட்டு, பிணைச்சல்,
முகத்துவாரத்தில் ஏதோ படகிலிருந்து கழன்ற விசிறி
(கழன்றதா, கழற்றியதா, நாங்கள் கேட்பதில்லை),
ஒருமுறை பாண்ட் வாத்தியக் குழல் ஒன்று,
இலச்சினை அரத்தால் சுரண்டப்பட்டு.
ஈயம் என்று வருவது
ஓட்டோ பற்றரி, டயர் சமன்கட்டி,
வலைக்குக் கட்டுகிற குண்டு.
அதுவும் குண்டுதான்.

வியாழன்தோறும் கொள்கலன் துறைமுகம் போகும்.
அங்கிருந்து எங்கே என்பதற்குத் தாளில் ஒரு நாடு இருக்கும்.
அதற்கப்பால் உருக்கு உலை.
அதற்கப்பால் எனக்குச் சம்பளம் இல்லை.

செட்டிகுளத்து மரியதாசன் அண்ணை
எரிந்துபோன தண்ணீர் மோட்டரின் செப்புச் சுருளோடு வந்தார்.
விற்ற காசில் சன்னத் துவக்குக்கு இரண்டு தோட்டா வாங்கவேண்டும்.
"போன முறை இதே சுருளுக்கு அஞ்சு வாங்கினன்.
ஏன் பிள்ளை இப்பிடி ஏறுது?"

"ஈயம் ஏறிட்டுது அண்ணை. பித்தளை ஏறிட்டுது.
மருந்துக்குப் போற பஞ்சு, கப்பல் கூலி, டொலர்.
அதோட எங்கயோ ஒரு நாட்டில சனம்
முடிஞ்சிடும் எண்டு பயந்து வாங்குது.
வாங்கிறதால முடியுது.
முடியிறதால இன்னும் வாங்குது."

"நாங்கள் பெற்றோலுக்கு நிண்ட மாதிரியோ?"

"அச்சா அதே மாதிரி."

சிரித்தார். "என்ர செம்புக்கும் விலை ஏறினதுதானே,
பிறகேன் ரெண்டு?"
அதற்கு என்னிடம் கல்குலேட்டர் இருந்தது, பதில் இல்லை.
"பண்டிக்கு இது ஒண்டும் தெரியாது பிள்ளை.
மரவள்ளி என்ன விலை போனாலும் அது தின்னும்."

நெகிழ்ச்சியற்ற கேள்வி,
என்று எனக்குள் எழுதிக்கொண்டேன்.

வெள்ளவத்தையில் மேல்மாடி ரியூட்டரி ஒன்றில்
ரஞ்சிதமலர் ரீச்சர் அந்தக் கோட்டை வரைந்தார்,
இடமிருந்து வலமாகச் சரியும் ஒரே இழுவையில்.
விருப்பம் மட்டும் கேள்வி ஆகாது,
கொடுக்க வலுவும் வேண்டும் என்றார்.
ஏனையவை மாறாதிருக்க, என்றார் ஒவ்வொரு விதிக்கும் முன்னால்.
அன்று வகுப்பு முடிந்து இறங்கினால் சந்தியில் தடை.
எங்கே போகிறாய், எங்கிருந்து வந்தாய்,
யார் வீட்டில், எத்தனை நாளைக்கு.
கொப்பியின் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்த சிப்பாய்
கோட்டைத் தலைகீழாகப் பிடித்திருந்தான்.
அப்போது அது ஏறுவதுபோல் இருந்தது.

இந்த மாதம் ஒருவன் பால்மாப் பையோடு வந்தான்.
காணி துப்புரவாக்கும்போது கிடைத்ததாம்.
பச்சை பூத்த வெற்றுக் கோதுகள்.
"எடுக்காதே, பொலிஸ் பிரச்சினை,"
முதலாளி உள்ளேயிருந்து கத்துவதற்குள்
ஒன்றைத் தராசில் வைத்துவிட்டேன்.

பதினொரு கிராம்.
இன்றைய விலைக்கு இருபது ரூபாய் சொச்சம்.
அன்றைக்கு இதை வாங்கியவர்கள் என்ன கொடுத்தார்கள், தெரியாது.
பெற்றுக்கொண்டவருக்கு இலவசம்.
ரீச்சரின் கோட்டில் அவரை எந்த அச்சில் குறிப்பது?
விருப்பம் இல்லை. வலுவும் இல்லை.
ஆனாலும் அவரிடம் வந்து சேர்ந்தது.

பையைக் கட்டித் திருப்பிக் கொடுத்தேன்.
தராசு பூச்சியத்துக்குப் போயிற்று.
அது எப்போதும் போய்விடும்.

மாலை, ஷட்டர் இறங்கும்போது முதலாளி சொன்னார்:
"நாளைக்குப் பித்தளை ஏறும். சரக்கை விட்டிடாதே.
எங்கேயோ பெரிய ஓடராம்."

எங்கே என்று நான் கேட்கவில்லை.
கேள்வி கூடினால்
விலை கூடும்.