விலகல் படிவம்

பிப்ரவரியில் சபை அலுவலகத்துக்கு வரும் தபால் கொஞ்சம்தான்.
மின்கட்டணம், ஆர்கன் பழுதுபார்த்த ரசீது,
அதற்கடியில் வெய்யோவின் படிவம்.
பெயர். பிறந்த தேதி. கையெழுத்து.
ஏன் விலகுகிறாய் என்று எழுத
அதில் கட்டமே கிடையாது.
சட்டம் கேட்பதில்லை,
எழுத்தராகிய நானும் கேட்கக் கூடாது.

கேட்கத் தேவையும் இல்லை.
கெமியார்வியில் யாருக்குத் தெரியாது?
ஏரி பாதி உறைந்திருந்த நவம்பர்.
ஹில்லாவுக்கு ஒன்பது வயது.
அந்தச் சின்னப் பெட்டியின் முன் நின்று
அன்றைய போதகர் சொன்னார்:
"கர்த்தருடைய சித்தம்."
முன்வரிசையில் வெய்யோ
கையுறையைக் கழற்றினான், மாட்டினான்,
திரும்பவும் கழற்றினான்.
அந்த இரண்டு சொல்
ஒரு படிவமாக மாறிவர
பதினொரு வருடம் பிடித்திருக்கிறது.

அலுவலகத்தில் பதில் கடிதம் தயாராகவே இருக்கும்.
"கதவு உங்களுக்காக எப்போதும் திறந்திருக்கும்."
முப்பது டிகிரி குளிரில்
எந்த மடையன் கதவைத் திறந்துவைப்பான்?

பைவிக்கி வந்தாள்.
நாலு பேராய் அவன் வீட்டுக்குப் போய் ஜெபிக்கலாம் என்றாள்.
காணாமற்போன ஆடு என்றாள்.
எங்கே காணாமற்போனான்?
மூன்றாம் வகுப்பிலிருந்து எனக்குத் தெரிந்தவன்.
விலாசம் தெரியும், பூட்ஸ் அளவு நாற்பத்தாறு,
காப்பியில் சர்க்கரையைக் கலக்காமல்
பல்லிடுக்கில் வைத்து உறிஞ்சுவான்.

சாயங்காலம் அவனே போன் செய்தான்.
"பிள்ளைக்குப் பக்கத்து இடம்..."
"உன்னுடையதுதான்" என்றேன்.
"கல்லறைக்குப் பதிவேடு வேறு."
கொஞ்ச நேரம் அவன் மூச்சு மட்டும்.
வைத்துவிட்டான்.

ஜெபித்தேனா? ஜெபித்தேன்.
திரும்பி வரட்டும் என்று கேட்க வாய் வரவில்லை.
அவன் வண்டி இன்றைக்கும் உறையாமல்
கிளம்பட்டும் என்றேன்.

கிளம்பியது.
ஐந்தரை மணி இருட்டில் பனி தள்ளும் சத்தம்.
இருபது வருடமாக
நகராட்சி ஒப்பந்தத்தில் இல்லாத எங்கள் பாதையை
சும்மாவே தள்ளிக்கொடுத்தவன்,
இன்று கல்லறைத் தோட்டம் வரை சுத்தமாய்த் தள்ளி
கோவில் வாசலுக்கு முன்னால் நிறுத்திக்கொண்டான்.
அங்கிருந்து படிவரை முழங்கால் பனி,
ஒரு பூனைத் தடம்கூட இல்லாமல்.

வண்டிக் கண்ணாடியைத் தட்டினேன்.
வசனம் எதுவும் எடுத்துப் போகவில்லை.
பதினொரு வருடமாய்க் கடனாய் இருந்த ஒன்றை
எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை.

"அன்றைக்கு நான் ஆர்கன் பக்கத்தில் இருந்தேன், வெய்யோ.
அவர் சொன்னது தப்பு என்று
சொன்ன அந்த நிமிஷமே எனக்குத் தெரியும்.
தெரிந்தும் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினேன்.
அடுத்த எண்ணை அறிவித்தேன்."

அவன் என்னைப் பார்க்கவில்லை.
வைப்பரைப் பார்த்தான்.
அது இந்தப் பக்கம் வந்து, அந்தப் பக்கம் போனது.

"நூற்றுப் பதினாறு" என்றான்.
"ஞாபகமிருக்கிறது."

பிறகு,
"வாசலை நீங்களே தள்ளிக்கொள்ளுங்கள்."

சரி என்றேன்.
மண்வாரியை எடுத்துவந்தேன்.
முதுகு வலிக்க, மூச்சு மீசையாய் உறைய,
படிவரை தள்ள முக்கால் மணி நேரம்.

அதுவரை அவன் போகவில்லை.
பேசவும் இல்லை, இறங்கவும் இல்லை.
டீசல் விற்கிற விலையில்
எஞ்சினை ஓடவிட்டு
முன்விளக்கு இரண்டையும்
என் மண்வாரிமேல் திருப்பிவைத்திருந்தான்.