வெர்லின் மெதுவாக ஓட்டுகிறான்

முப்பத்தொரு வருடம் எண்பதாம் எண் நெடுஞ்சாலையில்
பதினெட்டுச் சக்கர லாரி ஓட்டியவனுக்கு
ஊர்களின் பெயர் தெரியாது.
முன்னூற்றுப் பன்னிரண்டாம் வெளிவழியில் டீசல் மலிவு.
நூற்று எழுபத்தேழில் கழிப்பறை சுத்தம்.
இருநூற்று எழுபத்திரண்டில்
பனியில் மாட்டி இரண்டு இரவு.
அந்த எண்களுக்குப் பின்னால்
ஆட்கள் குடியிருந்திருப்பார்களோ என்று
ஓய்வு பெற்ற பிறகுதான் சந்தேகப்படுகிறான்.

ஏப்ரல் முழுக்கச் சாப்பாட்டு மேசையில்
நெப்ராஸ்கா விரிந்து கிடந்தது.
மடிப்பு கிழிந்த இடத்தில் ஒரு மாவட்டமே காணோம்,
டேப் ஒட்டினேன்.
ஓமஹாவிலிருந்து அலையன்ஸ் போக
அவன் விரல் தானாகத் தெற்கே இழுத்தது,
பழக்கதோஷம்.
நான் பச்சைப் பென்சிலால்
மணற்குன்றுகளுக்கு ஊடாக
இரண்டாம் எண் சாலையின் மேல் கோடு போட்டேன்.

"எத்தனை மணி நேரம்?"
"தெரியாது."
"உத்தேசமாக, ஆர்டிஸ்?"
"மூன்று நாள்."
ஏழு மணி நேரத் தூரத்துக்கு மூன்று நாளா
என்று சுவரைப் பார்த்துக் கேட்டான்.
சுவருக்கும் தெரியவில்லை.

பெட்ரோல் கிடைக்கும் இடங்களை மட்டும் வட்டமிட்டேன்;
அந்தப் பக்கம் மாடு அதிகம், பங்க் குறைவு.
ஒரு நாளைக்கு நூற்றைம்பது மைல்,
அதற்கு மேல் ஓர் அடி கிடையாது.
முதல் இரவுக்கு மட்டும் அறை.
மற்றதை வானிலையும் என் முழங்காலும்
பேசி முடிவு செய்துகொள்ளட்டும்.

ஜூனில் கிளம்பினோம்.
முதல் நாள் பூராவும் அவன் வலது கை
இல்லாத கியரைத் தேடியது.
பின்னால் ஒரு வண்டியும் இல்லாத சாலையில்
கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

புரோக்கன் போவைத் தாண்டிக் கொஞ்ச நேரத்தில்
குன்றுகள் வந்தன. புல் போர்த்திய மணல்.
யாரோ பெரிய போர்வையை உதறிவிட்டு
மடிக்க மறந்து போனதுபோல.
எதிரே வந்த பிக்கப்காரர்
ஸ்டியரிங்கிலிருந்து ஒற்றை விரலை உயர்த்தினார்.
"தெரிந்தவரா?"
"இல்லையே."
அடுத்த வண்டிக்கு இவனும் விரல் தூக்கினான்,
தூக்குவதற்குள் அது போய்விட்டது.
அதற்கடுத்ததற்குச் சரியாகத் தூக்கினான்.
அரை மைல் தூரம் முகத்தில் ஒரு பெருமை.

பக்கத்தில் நிலக்கரி ரயில்.
நூற்றிருபத்தொரு பெட்டி என்றான்,
யாரும் கேட்காமலே.

பிறகு நடுச்சாலையில் ஓர் ஆமை.
எண்பதாம் எண்ணில் எதற்கும் பிரேக் போடக் கூடாது.
மானோ மெத்தையோ கிழிந்த டயரோ,
நாற்பது டன்னைப் பின்னால் வைத்துக்கொண்டு
இரக்கப்பட முடியாது என்பான்.
இப்போது நிறுத்தினான். இறங்கினான்.
இரு கையாலும் தூக்கி
அது பார்த்திருந்த திசையிலேயே
மறுகரையில் விட்டான்.
திரும்பி வந்தபோது பூட்ஸ் நனைந்திருந்தது.
நன்றி சொல்கிறதாம்.

தெட்ஃபோர்டுக்கு மேற்கே ஒரு பலகை:
இங்கிருந்து மலை நேரம்.
கடிகாரம் ஒரு மணி பின்னே போனது.

அந்தக் கோடு நெடுஞ்சாலையிலும் உண்டு,
ஆயிரம் தடவை கடந்திருப்பான்.
போகும்போது கிடைத்த மணியைக் கம்பெனி எடுத்துக்கொள்ளும்.
வரும்போது தொலைந்த மணியை
இவன் தூக்கத்தில் கழித்துக்கொள்வான்.

வண்டியை ஓரங்கட்டினான்.
காற்றாடிப் பம்பு கிறீச்சிட்டுத்
தொட்டியில் நீரைக் கொட்டியது.
ஏழெட்டுக் கறுப்பு மாடுகள்
எங்களை ஒரு முறை பார்த்துவிட்டுக் குடிக்கப் போயின.

"இதை என்ன செய்வது?" என்றான்.
எதை என்று நான் கேட்கவில்லை.
"திரும்பும்போது வேறு வழியாக வரலாம்."
"கிழக்கே எந்த வழியில் போனாலும் பிடுங்கிக்கொள்வார்கள்."
"அப்படியானால் இங்கேயே செலவழி."

இருக்கையைச் சாய்த்தான்.
தொப்பியை முகத்தில் கவிழ்த்தான்.
திறந்த கதவுக்கு வெளியே
நனைந்த பூட்ஸ் காய்ந்துகொண்டிருந்தது.

ஐம்பது நிமிடம் தூங்கினான்.
மிச்சப் பத்து நிமிடம்
தன் பங்கு சாண்ட்விச்சைத் தேடினான்.
அதை நான் தின்று முடித்திருந்தேன்.