புதன்கிழமை, ஆறரை மணி

போஸ்டர் ஒட்டியது நான்தான்.
மெஸ் கதவில் ஒன்று, நூலகப் படியோரம் ஒன்று,
சைக்கிள் ஸ்டாண்டு வேப்பமரத்தில் ஒன்று.
‘புதன் மாலை ஜெபம். சிற்றாலயம். அனைவரும் வருக.’
வேப்பமரத்தில் இருந்ததை
வெள்ளாடு தின்றுவிட்டது.
மற்றதை யாரும் தின்னக்கூட இல்லை.

முதல் வாரம் ஆறு பேர்.
இரண்டாம் வாரம் நான்கு. அதில் ஒருத்தி
நாற்காலி அடுக்க வந்தவள்.
கிதாருக்குச் சுருதி சேர்த்தபடி கஸ்பார் ஃபாதர்
எத்தனை பேர் என்று கேட்கவே இல்லை.
நான்தான் எண்ணினேன்,
கண்ணை மூடச் சொன்ன நேரத்திலும்.

“ஏட்டி பெனிலா, பிரியாணி போடு, கூட்டம் வரும்”
என்றாள் எதிர்க்கட்டில் ரெக்சலின்.
“ஞாயித்துக்கிழமை பூசைக்கே
அம்மா போன் போட்டாத்தான் எந்திக்கேன்.
புதனும் வேறயா?”

ஐப்பசிக் கடைசி. பாளையங்கோட்டை முழுக்க மழை.
டிரான்ஸ்பார்மர் வெடித்து
விடுதி இரண்டும் இருட்டு.
இன்வெர்ட்டர் சிற்றாலயத்தில் மட்டும்.

வந்தார்கள்.
ஈரச் செருப்போடும் ஒடிந்த குடையோடும்
செத்துக்கொண்டிருந்த போன்களோடும்.
பீடத்துக்குப் பக்கத்தில் ஒரே ஒரு பிளக்.
இசக்கிராஜா எங்கிருந்தோ
எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தூக்கிவந்தான்.
அதிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து இன்னொன்று,
மாதா பாதம்வரை வயர்.

ஃபாதர் விரட்டவில்லை, பிரசங்கம் வைக்கவில்லை.
விண்ணப்ப நோட்டைக் கைமாற்றி விட்டார்.
பேர் வேண்டாம் என்றார்.
திரும்பி வந்ததை வாசிக்க வேண்டியது நான்.

‘ஆர்கானிக் பேப்பர் தேறணும்.’
‘அப்பா குடிக்காம ஒரு நாள்.’
‘எனக்குக் கும்பிட வராது. மழை விடும்வரை இருக்கலாமா?’
‘அவன் ரிப்ளை பண்ணணும்’, அதை அடித்து,
‘பண்ணாட்டியும் சரி.’
‘கூத்தங்குழி. எங்க வள்ளம் முந்தாநேத்துப் போனது.
இன்னும் கரைக்கு வரலை.’

அதற்கு மேல் எனக்கு வாய் வரவில்லை.
ஓட்டில் மழை மட்டும்.
பின்வரிசையில் ஒரு குரல்,
“அருள் நிறைந்த மரியே...”
பிரியாணிக்காரி.
தெரிந்தவர்கள் சேர்ந்துகொண்டார்கள்.
தெரியாதவர்கள்
ஒவ்வொருவராய்த் திரையை அணைத்தார்கள்.
இசக்கிராஜா கைகட்டி நின்றான்,
கோயிலில் தீபாராதனைக்கு நிற்பதுபோல.
அன்றைக்கு எத்தனை பேர் என்று
இன்றுவரை எனக்குத் தெரியாது.

அடுத்த புதன் கரண்ட் இருந்தது.
பதினொரு பேர்.
(ஆமாம், எண்ணினேன். பழக்கம் விடுமா?)
வெளிவாசலில் மெர்வின் நின்றான்,
உள்ளே வரலாமா என்று யோசித்துக்கொண்டு.
வள்ளம் இடிந்தகரைப் பக்கம் ஒதுங்கியதாம்.
ஆளுக்குச் சேதமில்லை, இன்ஜின் போச்சு.
“இன்ஜினுக்கெல்லாம் எழுதலாமா அக்கா?”

பேனா மூடியைத் தேடினேன்,
அது எப்போதும்போலக் காணோம்.
எழுதுலே, என்று நோட்டை நீட்டினேன்.