பெறுமானத் தேய்வு

மாசியில் ஓடர் குடுத்தது.
ஸ்ரான்லி வீதியில், கண்ணாடிக்குப் பின்னால்
நின்ற ஒன்றைக் காட்டி
இதுதான், ஆனால் சாம்பல் நிறம் என்றோம்.
அறுபத்தெட்டு இலட்சம். பத்து முற்பணம்.
றெஜினோல்ட் எழும்பி நின்று கைகுடுத்தான்,
இஞ்சி பிஸ்கற்றும் பால்தேத்தண்ணியும் தந்தான்.
"மூண்டு மாசம் ரீச்சர். மிஞ்சினால் நாலு."

அந்தக் கிழமையே தவபாலன் மதிலை உடைப்பித்தார்.
ஏழடிப் படலை பத்தடியாயிற்று.
வாசல் செவ்வரத்தை போனது,
தண்ணிக் குழாய் ஒருக்கால் வெட்டுப்பட்டது,
கொக்குவில் முழுக்க அறிந்துவிட்டது.

சித்திரை கழிய முதல் அழைப்பு.
டொலர் ஏறிப்போச்சாம். மூன்றரை.
செத்தவீடு சொல்கிறவன்போல் குரலைத் தாழ்த்திச் சொன்னான்.
நானும் அப்படியே கேட்டேன்:
"எப்ப நடந்தது?"

ஆடியில் இரண்டாவது.
வரி என்றான், பிறகு கப்பல் கூலி என்றான்,
பிறகு வாயில் நுழையாத
ஒரு யப்பான் துறைமுகத்தின் பெயரைச் சொன்னான்.
இரண்டேகால்.

பாசையூரில் விளைமீனுக்கு விலை தீர்த்து
நான் பையை விரித்துப் பிடித்த பிறகு
ஒரு ரூபாய் கூட்டிப் பார்க்கட்டும் எவனும்.
மீன் கண்முன்னே கிடக்கும்
செத்த கண்ணாலும் சாட்சி சொல்லும்.
நாங்கள் விலை தீர்த்தது ஒரு நிறத்துக்கு.

பேசி முடித்த பிறகு
சீதனம் கூட்டிக் கேட்ட வீட்டுக்கு
வதனியக்கா தட்டத்தைத் திருப்பி அனுப்பினவள்.
அவளிடம் சொன்னேன்.
"விட்டுத்தள்ளன், காசைத் திருப்பிக் கேள்" என்றாள் லண்டனிலிருந்து.
கேட்டால் முற்பணத்தில் ஒரு பங்கு போகும்.
மிச்சத்தோடு வேறு கடைக்குப் போனால்
அங்கே இதைவிட ஏறியிருக்கும்.
அக்காவுக்கு அன்று இருபத்துமூன்று வயது.
எனக்கு முழங்கால் நோகிறது,
ஸ்கூட்டியை இரட்டைத் தாங்கியில் ஏற்ற ஏலாது.

நான் கணக்கியல் படிப்பிக்கிறவள்.
இருபத்திரண்டு வருசமாய் வெண்கட்டியால் எழுதுகிறேன்:
மோட்டார் வாகனம், நேர்கோட்டு முறை,
ஆண்டுக்கு இருபது வீதம் பெறுமானத் தேய்வு.
கடைவாசலைத் தாண்டிய நாளிலிருந்து
அது தேயத் தொடங்கும், பிள்ளையள்.
தாண்டாமல் நிற்பதற்கு என்ன முறையென்று
பாடத்திட்டத்தில் இல்லை.
வராத வரைக்கும் அது வளர்கிறது.
ஒரு கல்லும் ஓடாமல்
ஒரு துளி எண்ணெய் குடியாமல்
என் ஐந்தொகையின் எந்தப் பக்கத்திலும் இல்லாமல்.

மூன்றாவது அழைப்புக்குக் கடுதாசியை எடுத்தேன்.
பதினோராம் பிரிவு. பொடி எழுத்து. ஆங்கிலம்.
ஒப்படைக்கும் நாளில் உள்ள விலையே விலை.
அதற்கு நேர் கீழே என் கையொப்பம்,
சுழி பிசகாமல், திகதியோடு.
அன்று காலையில்தான் பதினோராம் வகுப்பில்
வினாவை வாசியாமல் விடை எழுதிய
ஆறு பேருக்குப் புள்ளி வெட்டியிருந்தேன்.

"எனக்கு இதிலை ஒரு சதமும் கூட வராது ரீச்சர்"
என்றான் றெஜினோல்ட். நம்பினேன்.
பின்னால் வேறொரு போன் அடித்தபடியே இருந்தது.
அதிலும் யாரோ ஒருவருக்கு
அவன் குரலைத் தாழ்த்த வேண்டும்.

ஆவணி மழைக்குப் புதுக் கொட்டகையில்
பக்கத்துவீட்டு நாய் குட்டி போட்டது.
ஐந்து. இரண்டு சாம்பல் நிறம்.
ஓடர் குடுக்காமல் வந்தவை.

நேற்று நாலாவது.
விலையாக்கும் என்று மூச்சைப் பிடித்தேன்.
அடிச்சட்ட இலக்கம் வந்துவிட்டதாம்.
பதினேழு எழுத்தும் எண்ணும்.
வரவுப் புத்தகத்தின் பின்னட்டையில்
பிள்ளைக்குப் பேர் எழுதுவதுபோல் எழுதினேன்.
"எவ்வளவிலை நிக்குது?" என்றார் தவபாலன்.
எழுபத்தைந்தரை.
ஒன்றும் சொல்லவில்லை.
கார் வியாழக்கிழமை.
இன்றைக்குத் திங்கள்.
மனிசன் போய்ப் பத்தடிப் படலையை
அகலத் திறந்து, கல் வைத்துவிட்டு,
குட்டிகளை ஒவ்வொன்றாய்த் தூக்கி
எங்கே வைப்பதென்று தெரியாமல் நிற்கிறார்.