கோல் வித்தியாசம்

இராத்திரி ஒன்றே கால்.
பொகவந்தலாவைப் பனி
இஸ்டோர்க் கண்ணாடியில் மூஞ்சியை ஒட்டிப் பார்க்கிறது.
கமலதாசன் போனைச் சல்லடைச் சட்டத்தில் சாய்த்திருக்கிறான்.
நீலச் சட்டைக்காரர்கள் ஓடுகிறார்கள்,
சிக்னல் போய்
ஒற்றைக் காலில் நிற்கிறார்கள்,
மறுபடி ஓடுகிறார்கள்.

"இவனுங்களா?
அந்தக் காலத்து ஸ்கொட்லாந்துக்காரன்
சேத்துல நாலு பேர வெட்டிக்கிட்டுப் போவான்.
பல்லு விழுந்தா துப்பிட்டு ஓடுவான்.
இவன் காத்தடிச்சா விழுறான்."
இது பெரியநாயகம், உருளை மிஷின் ஆள்.
அந்தக் காலத்தில் இவன் பிறக்கவே இல்லை.

"ஒன் ஆளுங்க பாதி ஆட்டத்துல சிகரெட் பத்துனவனுங்க.
இவனுங்க கொழுந்து நிறுக்கிற மாதிரி
சோத்த நிறுத்துத் திங்கிறானுங்க.
பந்தப் பாரு,
நெறஞ்ச பால்வாளிய கைமாத்துற மாதிரி
சிந்தாமக் கொண்டு போறான்."

எனக்கு வேலை
புளிக்கிற இலையின் சூட்டைக் குறிப்பது.
கால் மணிக்கொரு தரம்.
நடுவில் இவர்கள் சண்டை.

உருளையின் இரும்பு வயிற்றில்
கிளாஸ்கோ என்று புடைத்த எழுத்து.
ஆயுத பூசைக்குச் சந்தனம்
அந்த எழுத்தின்மேல்தான் வைக்கிறோம்.
ரோதை முனிக்கு அந்த ஊர்க்காரர்களை
எங்களுக்கு முந்தியே தெரியும்.

"எழுபத்து நாலு," என்கிறான் பெரியநாயகம்,
சாமி பெயரைச் சொல்வதுபோல.
ஜேர்மனியில் மூன்று ஆட்டம்.
ஒன்றில் வெற்றி, இரண்டு சமன்.
ஒருத்தரிடமும் தோற்கவில்லை.
கோல் வித்தியாசம் பார்த்து
வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

எனக்கு வேறோர் எழுபத்து நாலு தெரியும்.
மிச்சமிருந்த ஒன்றரை லட்சம் பேரை
இரண்டு நாடும் உட்கார்ந்து
ஆளுக்குப் பாதி என்று பிரித்த வருஷம்.
அப்பாவின் அக்கா ராக்காயி
ஒரு நாள் பேரும் விடாதவள்,
ஹட்டன் ஸ்டேஷனில்
தகரப் பெட்டியோடு ரயிலேறினாள்.
அவளும்
ஒருத்தரிடமும் தோற்கவில்லை.

இதை நான் சொல்லவில்லை.
இருபத்தாறு டிகிரி என்று எழுதினேன்.

"நீ யாரு கட்சி?" என்றான் கமலதாசன்.
இந்த ஒல்லிப் பையன் கட்சி என்றேன்.
இப்போது விழுந்தானே,
முட்டியில் ஒட்டின புல்லைத் தட்டிவிட்டு
நடுவரைப் பார்க்காமல் எழும்புகிறானே, இவன்.
நல்லா ஆடுறானா?
தெரியாது.
இவனுக்கு இன்னும் கணக்கு முடியவில்லை.

அப்புறம் வட்டம் சுற்றியது திரையில்.
நாங்கள் மூன்று பேரும் வட்டத்தையே பார்த்தோம்.
அது நின்றபோது
நீலச் சட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன,
மேசையில் கொட்டிய இலை மாதிரி.
யார் அடித்தது, எப்படி அடித்தது,
ஒன்றும் தெரியாது.
கமலதாசன் கத்தினான்.
பெரியநாயகமும் கத்தினான்,
பிறகு ஞாபகம் வந்து,
"பழைய ஆளுன்னா இந்நேரம் ரெண்டு," என்றான்.

வாசலில் டார்ச் வெளிச்சம். டீமேக்கர்.
போன் இலைக்குள் போயிற்று.
அவர் ஒரு பிடி அள்ளி மோந்தார்,
போகப்போகத் திரும்பாமலே கேட்டார்:
"எத்தனைக்கு எத்தனை?"